எடை குறையாத நாட்கள்

ஜூன் 9, திங்கள்

மழை. ஐந்தரைக்கே தகரத்தில் சத்தம். விழித்தது ஆறு மணி, எழுந்தது ஆறரை. இடையில் அரை மணி நேரம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பில் ஒன்றும் இல்லை.

மாத்திரை போட்டாச்சு. இனி மா.போ. என்று எழுதுவேன். தினமும் முழுசாக எழுத இதென்ன பரீட்சையா?

இந்த நோட்டு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லி ஆரம்பித்தது. "தினம் நாலு வரி எழுதுங்க சேச்சி, யாரும் நோக்க மாட்டாங்க" என்றார். மலையாளத்தில் பாதி, தமிழில் பாதி பேசுவார். நோட்டு என் மகள் கீர்த்தனாவின் (இனி கீ.) பழைய கெமிஸ்ட்ரி நோட்டு. முன்பக்கம் அமிலம், காரம். பின்பக்கம் நான்.

இன்று பயமுறுத்தியவை:
– குக்கர் விசில்
– கீ.யின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் (பெற்றோர் கூட்டமாம், அவ்வளவுதான்)
– கங்காணி குடை விரித்த சத்தம்
– பத்தே காலுக்கு ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில், சும்மா, ஒன்றுமே இல்லாமல்

கடைசியில் எழுதியதுதான் மோசம். விசிலுக்குப் பயந்தால் விசிலைத் திட்டலாம். சும்மா வருவதை யாரைத் திட்டுவது? கொழுந்து வெட்டும் கத்திரியைத் திறந்த வாக்கில் பிடித்தபடி நின்றுவிட்டேன். நெஞ்சு அடித்த அடியில் தேயிலைச் செடி ஆடுவதுபோல் இருந்தது. பக்கத்து நிரையில் பேச்சியம்மாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் பாட்டுக்குக் கொழுந்து வெட்டிக்கொண்டே, நேற்றைய சாம்பாரில் முருங்கைக்காய் முற்றிப்போன கதையைச் சொன்னாள். நீளமான கதை. அது முடியும்போது எனக்கு மூச்சு திரும்பியிருந்தது.

சாயந்திரம் தராசில் என் கொழுந்தின் எடை குறையவில்லை. வேறு எதற்கும் லாயக்கில்லாத நாளிலும் எடை மட்டும் குறைவதில்லை. அதைப் பெருமையாகவே எழுதிக்கொள்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. மா.போ. எழுத ஒன்றுமில்லை. டாக்டரம்மா, இதுவும் ஒரு வரிதான்.

ஜூன் 11, புதன்

மஸ்டரில், பேர் கூப்பிடுவதற்கு முன்னால், எனக்குக் கேட்கட்டும் என்றே இரண்டு பேர் பேசியது:

"மனசு சரியில்லன்னு சர்டிபிகேட் வாங்கிட்டா மாசாமாசம் பென்ஷன் வருமாம்ல."

"வரும். பின்னாலயே வீட்டுச் சாவியக் கேட்டுக் கம்பெனிக்காரனும் வருவான்."

சிரிப்பு. நானும் சிரித்தேன். கை இரண்டையும் ரப்பர் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

விஷயம் இதுதான். எஸ்டேட் கொடுத்த இந்த லயத்து வீடு வேலை பார்ப்பவருக்கு மட்டும். எஸ்டேட் ஆள் பதிவேட்டில், அதாவது செக்ரோலில், என் பேர் இருக்கும்வரை வீடு. வீட்டுக்காரர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் நாலு வருடம். முதலில் மாதம் ஒருமுறை வந்தார், பிறகு பொங்கலுக்கு வந்தார், பிறகு போனில் வந்தார், இப்போது அதுவும் இல்லை. ஆக, இந்த வீடு நிற்பது என் ஒரு பேரில். கீ. பிளஸ் டூ. இன்னும் ஒரு வருடமாவது நான் இந்த மலையில் ஆளாக நிற்க வேண்டும்.

வேலைக்குப் போகிறேன் என்று பேர். மாதத்தில் எட்டு, பத்து நாள் எழுந்திருக்கவே முடிவதில்லை. இப்படி லீவு போட்டால் பேரை வெட்டுவார்கள். சீக்கு என்று சொல்லி அன்ஃபிட் ஆக்கினாலும் பேரை வெட்டுவார்கள். இந்தப் பக்கம் போனாலும் பள்ளம், அந்தப் பக்கம் போனாலும் பள்ளம், நடுவில் ஒற்றையடிப்பாதையில் நான், அதுவும் தலைசுற்றலோடு.

காரணம் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர் போனதாலா? இல்லை, அவர் போன பிறகு இரண்டரை வருடம் ஜம்மென்று இருந்தேன். காரணம் இல்லை. இருந்தால் சொல்ல மாட்டேனா?

பேச்சி மட்டும் இதுவரை கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மூணாறுக்குப் போய்வந்தேன். மாதம் ஒருநாள் மனநல ஓ.பி. வராந்தாவில் முப்பது பேர். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் சுவரில் இருக்கும் டெங்கு போஸ்டரைப் படிக்கிறோம். எனக்கு அது மனப்பாடம்.

டாக்டரம்மாவிடம் வீட்டுச் சாவிக் கதையைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "சேச்சி, அது வேற பேப்பர், இது வேற பேப்பர். அன்ஃபிட்னு எழுதுறது எஸ்டேட் டாக்டர். நம்ம மெடிக்கல் போர்டு கொடுக்கிறது, உங்களுக்கு எத்தனை புத்திமுட்டு, கஷ்டம் இருக்குன்னு அளந்து எழுதுற பேப்பர். ஜோலி செய்யக் கூடாதுன்னு அதுல இருக்காது."

"அப்போ ரெண்டும் வேற வேறயா?"

"வேற வேற. நாற்பது சதவீதம் கிடைச்சா பென்ஷனுக்கு அபேட்சை, மனு கொடுக்கலாம். லீவு போடுற நாள்ல வீட்ல அரிசி இருக்கும்ல?"

அரிசி என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர். கேவலம். அரிசிக்கெல்லாமா அழுவது?

ஜூன் 15, ஞாயிறு

மழை கொஞ்சம் விட்டது. காலில் ஏறும் அட்டை விடவில்லை. மா.போ.

கீ. போட்ட மனுவுக்கு மெடிக்கல் போர்டு தேதி போனில் வந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை. கீ. எல்லாவற்றையும் ஃபைலில் அடுக்கினாள். ஆதார், ரேஷன் கார்டு, மாத்திரைச் சீட்டுகள் தேதி வாரியாக. "அம்மா, வீட்ல இருந்து ஒருத்தர் கூட வரணுமாம். உங்களப் பத்தி அவங்ககிட்டயும் கேப்பாங்க." அவளுக்குச் செவ்வாய் வகுப்புப் பரீட்சை.

கதவுக்கு வெளியே நின்று பேச்சி: "நான் வாரேன். எனக்கு என்ன பரீட்சையா?"

பேச்சியைப் பற்றிக் கொஞ்சம் எழுதி வைக்க வேண்டும். (இனி பே.)

வயது என்னுடையதுதான், முப்பத்தொன்பது. ஒன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள். கையெழுத்துப் போடுவாள், பஸ் போர்டு படிப்பாள், அதற்கு மேல் எழுத்து என்றால் ஆகாது. உடம்பு குச்சி, குரல் பெருசு. புருஷன் ஃபாக்டரியில் பாய்லர் வேலையில். மகன்கள் இரண்டு பேரும் கோயம்புத்தூரில்.

எனக்கு இது வந்த இந்த ஒன்றரை வருடத்தில் அவள் செய்ததைச் சொல்கிறேன். சரிவில் வேலை என்றால் எனக்குக் கீழ் நிரையைக் கேட்டு வாங்குவாள். ஏன் என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் கண்டுபிடித்தேன். நான் கீழே பார்த்தால் பள்ளம் தெரியும், மயக்கம் வரும். இப்போது கீழே பார்த்தால் பே.யின் தலைத்துண்டு தெரிகிறது. இதைப் பற்றி ஒரு வார்த்தை அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு டாக்டருக்கும் இது தோன்றாது என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கு எந்தச் சேலை? பச்சை நன்றாக இருக்கும். இஸ்திரி போட்டு வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

ஆறு மணி பஸ். தலை வாரி, பூ வைத்து, பச்சைச் சேலையில் நான். பே. கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கவரிங் செயின். இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்குப் போர்டு கூடும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு என் பேர்.

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த டாக்டர் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"உறக்கம் எப்படி?"

"நல்லா வரும் சார்."

"வீட்டு வேலை, குளி, சமையல் எல்லாம்?"

"எல்லாம் செய்வேன் சார்."

"ஜோலிக்குப் போறதுல பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார். நல்லா இருக்கேன்."

என் காதில் என் குரல் விழுகிறது. நிறுத்த முடியவில்லை. முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. பதினெட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் உடம்பு பார்க்கும்போது இப்படித்தான் நிற்போம். டாக்டர் என்றால் நிமிர்ந்து நில், இருமாதே, ஒன்றுமில்லை என்று சொல். எங்கள் அம்மா இரண்டு முட்டியும் வீங்கிய காலத்தில் டாக்டர் முன்னால் துள்ளிக் காட்டியவள். அந்த வாய் எனக்கு. நாற்பது கிலோமீட்டர் பயணம் செய்து, ஆதார் ஜெராக்ஸோடு போய், சீக்கு என்று சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் நான் துள்ளிக் காட்டினேன்.

பிறகு பே.யைக் கூப்பிட்டார்கள். கூட வேலை செய்கிறவள் என்றதும் டாக்டருக்குச் சந்தோஷம். "இவங்க ஜோலி எப்படி? பழைய மாதிரி செய்யுறாங்களா?"

பே. ஒரு அடி முன்னால் போனாள். "சார், எங்க காட்டுல இவளுக்கு ஈடு கெடையாது. கத்திரி பிடிச்சான்னா புலி. ஒரு நாளாவது எடை கொறஞ்சிருக்கான்னு எங்க கங்காணியக் கேட்டுப் பாருங்க!"

டாக்டர் என்னைப் பார்த்தார். சிரித்து, எழுதினார்.

நாற்பதுக்குக் கீழே. கவுண்டரில் இருந்த பெண், "இது வெச்சு பென்ஷன் கிட்டாது. ரிவியூவுக்குக் கொடுத்தா அடுத்த மாசம் கூப்பிடும்" என்றாள்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் பே. வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் அதுதான் நீளமான மௌனம். மாட்டுப்பட்டி அணைக்கட்டில் வண்டி நின்றது. டூரிஸ்ட் கூட்டம். ஜன்னல் பக்கம் ஒரு அம்மா தன் புருஷனிடம், "இந்தப் பச்சைக்குள்ள வேலை பாக்குறவங்களுக்கெல்லாம் டென்ஷனே இருக்காதுங்க" என்றாள்.

அப்போது பே. மெதுவாக, "ஏட்டி... நான் சொன்னது தப்பாப் போச்சோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஆறேழு மாதத்தில் இப்படிச் சிரித்ததே இல்லை. பே. பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புலியாம். புலி பச்சைச் சேலை கட்டிப் போய்ப் பென்ஷனைத் தொலைத்தது.

ஜூன் 18, புதன்

எழுந்திருக்க முடியவில்லை. நேற்றுச் சிரித்ததற்கு வட்டி.

ஆறே முக்காலுக்கு பே. வாசலில். உள்ளே வரவில்லை. "லீவுன்னு சொல்லிருதேன். எந்திரிக்காத. குளிக்காத. ஒண்ணும் பண்ணாத. கதவு மட்டும் தெறந்து கெடக்கட்டும்."

தைரியமாக இரு, நாலு இடம் போய்வா, மனசை மாற்று என்று ஊரே சொல்கிறது. குளிக்காதே என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். அதைக் கேட்ட பிறகு பதினோரு மணிக்கு எழுந்து குளித்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கீ. போனிலேயே ரிவியூ அபேட்சை போட்டுவிட்டாள். டாக்டரம்மாவிடமும் அவளே பேசினாள். திட்டு விழும் என்று பயந்தேன். இல்லை. "பாதிப்பேர் அங்க போய் இப்படித்தான் சொல்றாங்க, சாரமில்ல, பரவாயில்ல" என்றாராம். லைட் வேலைக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், எஸ்டேட்டில் கொடுங்கள் என்றாராம். சரிவு இல்லாத, கத்திரி இல்லாத வேலை. அதாவது நர்சரி, பையில் மண் நிரப்பி நாற்று வைப்பது.

லைட் வேலை என்றால் பேர் இருக்கும். பேர் இருந்தால் வீடு இருக்கும். இது ஏன் எனக்கு முன்னாலேயே தோன்றவில்லை?

தோன்றியது. கேட்கப் பயம். உள்ளதை எழுது.

ஜூன் 23, திங்கள்

மழை, காற்று. கீ. சனிக்கிழமை வாங்கிவந்த கடிதத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனேன். மாலை எடை போடும் இடத்தில் ஃபீல்டு ஆபீசர். கடிதத்தைப் படித்தார். பிறகு எடைப் புத்தகத்தைத் திருப்பினார். கத்தவில்லை. அன்பாகத்தான் பேசினார்.

"விஜயா, நீயே பாரு. வந்த நாள் அத்தனையும் எடை சரியா இருக்கு. ஒரு நாள்கூடக் கொறயல. எடை கொறயாத ஆளுக்கு லைட் வேலைன்னு நான் எப்படி எழுதுறது? சின்னத்தொரை என்னைத்தான் கேப்பாரு."

எடை என் பெருமை. இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். சரி சார் என்று திரும்பினேன்.

பின்னால் பே.யின் குரல். மொத்த மஸ்டருக்கும் கேட்கிற குரல்.

"அதுல பாதி என் கொழுந்து சார்!"

தராசில் சாக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன்கூட நிறுத்திவிட்டான்.

"என்னம்மா?"

"இவ சாக்குல நாந்தான் போடுதேன். ஒன்றரை வருஷமா. சில நாளு முக்காவாசி எனக்குள்ளதுதான். இவளுக்கே தெரியாது."

எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. காய்ச்சல்காரி, பிள்ளைத்தாய்ச்சி சாக்கு லேசாக இருந்தால் பக்கத்து நிரைக்காரி ஒரு கை போடுவாள். வாங்கினவள் நன்றி சொல்லக் கூடாது. பார்த்தவர்கள் பார்த்ததாகக் காட்டக் கூடாது. கங்காணிகூட அந்த நேரம் வேறு பக்கம் திரும்பி பீடி பற்ற வைப்பார். அது ஒரு கை. ஒரு நாள், இரண்டு நாள். சாக்கில் பாதியை ஒன்றரை வருடம் போட்டதாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதை ஆபீசர் முன்னால் சத்தம் போட்டுச் சொன்னதாகவும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆபீசர் முகம் மாறிவிட்டது. "இது சீட்டிங் தெரியுமா? எழுத்துல விளக்கம் கொடுக்கணும். வியாழக்கிழமைக்குள்ள."

ஜூன் 24, செவ்வாய்

போகவில்லை. மா.போ.

கோபம். யார்மேல் என்று எழுதக் கஷ்டமாக இருக்கிறது. பே. மேல்.

என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். சமையல் போச்சு, தூக்கம் போச்சு, கோயில் கொடைக்குப் போவது போச்சு, கீ.யோடு உட்கார்ந்து சிரிப்பது போச்சு. எடை குறையவில்லை என்பது மட்டும் மிச்சம். தினமும் அதைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் செருப்புப் போட்டேன். அதுவும் என்னுடையது இல்லையாம்.

சாப்பாட்டு நேரத்தில் சாக்கைக் கட்டிவைத்துவிட்டு ஓடைப் பக்கம் போவேன். அப்போதுதான் போட்டிருக்கிறாள். கட்டை அவிழ்த்துக் கட்டியிருந்ததை நானே இரண்டு முறை பார்த்தேன். மழைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம்: தெரிந்திருக்குமோ எனக்கு? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தேனோ? தெரியவில்லை. இதை எழுதும்போது முகம் சுடுகிறது.

சாயந்திரம்: கோபம் இருக்கிறது. ஆனால் வேறொன்று அதைத் தள்ளிக்கொண்டே வருகிறது. பே. தன் எடையையும் குறையாமல் காட்டியிருக்கிறாள். அப்படியென்றால் ஒரு நாளில் ஒன்றரை ஆள் வேலை. அந்தக் குச்சி உடம்பு. மழையில். முருங்கைக்காய்க் கதையும் சொல்லிக்கொண்டு. என்ன பொம்பளை அவள்!

ஜூன் 25, புதன்

வேலைக்குப் போனேன். என் சாக்கை நானே நிரப்பினேன். எடை குறைந்தது. நன்றாகவே குறைந்தது. கங்காணி என்னைப் பார்க்காமல் எழுதினார். தலை கவிழ்ந்து நிற்பேன் என்று நினைத்தேன், ஏனோ அப்படி நிற்கவில்லை.

ஐந்து மணிக்கு பே. ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள். இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.

"விளக்கம் எழுதணும். எனக்கு எழுத வராது. உன் கையெழுத்து நல்லாருக்கும்."

"என்னையா எழுதச் சொல்ற?"

"வேற யார்ட்ட போவேன்? உன்னைப் பத்தி இன்னொருத்திகிட்டப் போய்ச் சொல்லச் சொல்லுதியா?"

உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டே சொன்னாள், மேடையில் பேசுகிற மாதிரி. "எழுது. மதிப்பிற்குரிய சின்னத்தொரை அவர்களுக்கு. என் பக்கத்து நிரை விஜயாவுக்கு மனசு சரியில்ல. போட்டியா?"

கை நின்றுவிட்டது. ஒன்றரை வருடமாக இந்த வரியை எந்தத் தாளிலும் நான் எழுதியதில்லை. அபேட்சையெல்லாம் கீ. எழுதியது.

"போடுட்டி. அக்கம்பக்கம் பாக்காத, இங்க நான் மட்டுந்தான் இருக்கேன்."

போட்டேன்.

"அது சோம்பேறித்தனம் இல்ல. பயம் வந்து நின்னுருவா. கை ஓடாது. நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அதனால கொழுந்து போட்டேன். திருடிப் போடல, என்னோடத எடுத்துப் போட்டேன். இனி அவளுக்கு லைட் வேலை கொடுத்தா போட மாட்டேன். கொடுக்கலன்னா போடுவேன்."

"பேச்சி, கடைசி வரி வேண்டாம். சஸ்பெண்ட் பண்ணிருவாங்க."

"எழுதுதியா, இல்ல கீர்த்தனா வரட்டுமா?"

எழுதினேன். அவள் எழுத்துக்கூட்டி முழுசும் படித்துப் பார்த்தாள், நான் ஏமாற்றிவிடுவேனோ என்று. பிறகு கையெழுத்துப் போட்டாள். பேச்சியம்மாள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, தேரை இழுக்கிற மாதிரி.

தாள் என் கையிலேயே இருந்தது. கீழே கொஞ்சம் இடம். யோசிக்கவில்லை. எழுதினேன்: மேலே கண்டது அனைத்தும் உண்மை. எனக்கு மனநோய் இருக்கிறது, மருந்து சாப்பிடுகிறேன். பேச்சியம்மாள் சொல்லும் விஜயா நான்தான். என் பேர், என் செக்ரோல் நம்பர், என் கையெழுத்து.

வீடு போனால் போகட்டும் என்று எழுதவில்லை. வீடு போகக் கூடாது என்று பயந்துகொண்டேதான் எழுதினேன்.

ஜூன் 26, வியாழன்

மா.போ. இரண்டு பேரும் ஆபீஸ் வராந்தாவில் ஒரு மணி நேரம். எனக்கு வியர்வை, பே.க்குக் கொட்டாவி.

சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், இளவயசு. கடிதத்தை இரண்டு முறை படித்தார். கடைசி வரி வந்தபோது, இரண்டு முறையும், வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. பிறகு என்னைக் கேட்டார்: "கீழே எழுதியிருக்கிறது நீங்களா?"

"ஆமா சார்." குரல் நடுங்கியது. நடுங்கட்டும். "நர்சரியில போடுங்க சார். அங்க முழு நாளும் நிப்பேன். வராத நாளு இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். பேரை மட்டும் வெட்டிராதீங்க."

எஸ்டேட் டாக்டரிடம் போனில் பேசினார். ஃபீல்டு ஆபீசரிடம் பேசினார். பத்து நிமிடம் போலத்தான் இருக்கும். முடிவு: எனக்குத் திங்கள் முதல் நர்சரி, மூன்று மாதம், பிறகு பார்ப்போம். பேர் செக்ரோலில் இருக்கும்.

"வீடு?" என்று நானே கேட்டேன்.

"பேர் இருந்தா வீடும் உண்டு."

பே.க்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். வெளியே வந்ததும், "நல்லதாப் போச்சு, துணி மூட்டை குமிஞ்சு கெடக்கு" என்றாள். மூன்று நாள் பேர் விழாது அவளுக்கு, கூலியும் கிடையாது. அதைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. நன்றி சொல்லக் கூடாது என்பது வழக்கம். வழக்கத்தை மீறிச் சொல்லப் பார்த்தேன். "ஏட்டி, வாயக் கழுவு" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

நர்சரி. தகரக்கூரை, சமதரை, மண். பையில் மண்ணைக் குத்தி அடைக்கும்போது விரலுக்கு ஒரு வேலை இருக்கிறது. பதினோரு மணிக்குப் பயம் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. போய்விட்டது.

மலையில் பே.யின் சத்தம் கேட்டது. இன்று அவளுக்கு வேலை திரும்பிய நாள். யாரிடமோ ஒரு கதை சொல்கிறாள். அந்த நிரையில் இப்போது புதுசாக வந்த ஜார்கண்ட் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. பே. விடுவாளா?

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாள் போகவில்லை. படுக்கை. அழுகை. நர்சரி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன் போல. ஆகாது. மா.போ.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. நர்சரி போனேன். மா.போ. நாளைக்கு ரிவியூ போர்டு.

கீ.க்கு நாளை பிராக்டிகல். பே.யிடம், வருகிறாயா என்று கேட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் வரலட்டி. அந்த டாக்டரு என்னக் கேப்பாரு. உன்னால முடியாதுன்னு நான் சொல்லணும். தாளுல எழுதச் சொல்லிட்டேன், ஆனா உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு என் வாயில அது வராது. திரும்பவும் புலின்னுதான் சொல்லுவேன். நீ போ. உனக்குத் தெரியும்லா உன்னப் பத்தி."

வீட்டில் இருந்து ஒருவர் வர வேண்டுமே, என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். போர்டுக்குக் கடிதம் தந்திருக்கிறேன், தனியாகப் போங்கள், அவர்கள் கேட்டால் எனக்குப் போன் போடட்டும் என்றார்.

பச்சைச் சேலை வேண்டாம். தினமும் கட்டுவது போதும். மறந்துவிடாமல் இருக்க, டாக்டரிடம் சொல்ல வேண்டியவை:

– உறக்கம் மூன்று மணி நேரம்
– காலையில் எழுந்திருக்க முடியாத நாட்கள், போன மாதம் ஒன்பது
– சமையல் பாதி நாள் கீர்த்தனா
– சும்மா வரும் பயம். எப்படி வரும் என்று நடித்துக் காட்ட வேண்டாம், சொன்னால் போதும்
– முதுகு தானாக நிமிரும். நிமிர்ந்தால் ஏமாற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது
– எடைப் புத்தகத்தில் உள்ளது என் எடை இல்லை, பேச்சியம்மாளுடையது. அவள் பேரை முழுசாகச் சொல்வது
– இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறேன். அதை மட்டும் என்னால் முடிந்தது என்று எழுதிக்கொள்ளட்டும்